பேச்சுக்கு முன் கைச் சைகை

குழந்தைக்கு நாக்கு திரும்பும் முன்பே கை வசப்பட்டுவிடும். ஆறு முதல் எட்டு மாதத்தில் சைகை காட்டத் தொடங்கலாம். குழந்தை அதைத் திருப்பிக் காட்டப் பல வாரங்கள் பிடிக்கும். முதலில் பால், இன்னும், போதும் என இரண்டு மூன்று சைகைகளே ஏராளம். அமெரிக்கச் சைகை மொழியில் பாலுக்கு, மாடு கறப்பதுபோல் விரல்களை மூடித் திறக்க வேண்டும். ‘இன்னும்’ என்பதற்கு இரு கை விரல்நுனிகளையும் குவித்து ஒன்றோடொன்று தட்ட வேண்டும். பால் பாட்டிலை நீட்டும்போதே, முகம் பார்த்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே காட்டுவது முக்கியம். குழந்தை விரல் குவிக்காமல் உள்ளங்கைகளைத் தட்டினாலும் அது ‘இன்னும்’தான், உடனே கொடுத்துவிட வேண்டும். சைகையால் பேச்சு தாமதமாகாது. அறிவு கூடும் என்ற விளம்பரத்துக்கோ உறுதியான சான்றில்லை. சைகை பழகினாலும், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத குழந்தைக்குச் செவித்திறன் பரிசோதனை அவசியம்.