தொழில் பாடம்: டிசி சப்ளை பெட்டி பழுதானால் என்ன செய்வது?



ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதியில் குழுக் கடன் வாங்கி செல்போன் சர்வீஸ் கடை நடத்தும் உறுப்பினர்களுக்காக இந்தப் பாடம்.

சப்ளை பெட்டியில் 4 வோல்ட் வைக்கிறோம். மீட்டர் 20 காட்டுது, குமிழைத் திருகினாலும் இறங்கலை. அப்போது வாடிக்கையாளரின் போனை மாட்டவே கூடாது. மாட்டினால் போர்டு கருகிவிடும். அதற்கு நாம்தான் பணம் கொடுக்கணும். அந்த மாதத் தவணை நின்றுவிடும்.

ஏன் இப்படி ஆகிறது?

பெட்டிக்குள் இருக்கும் பெரிய டிரான்சிஸ்டர் தண்ணீர்க் குழாயின் திருகு மாதிரி. வேண்டிய அளவு மட்டும் விடும். ஷார்ட் ஆகிவிட்டால் திருகு திறந்தபடியே நின்றுவிடும். உள்ளே 20 வோல்ட் வருது, வெளியே 4 வோல்ட், 2 ஆம்பியர் எடுக்கிறோம் என்றால், மீதி 16 வோல்ட்டை 2-ஆல் பெருக்குங்க: 32 வாட் சூடு. நம்ம சால்டரிங் அயனே 25 வாட்தான்! தூசி அடைந்து, ஃபேன் நின்றுபோனால் டிரான்சிஸ்டர் தாங்காது.

சோதிக்கும் முறை

1. பிளக்கைப் பிடுங்குங்க. பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மீட்டரில் 1 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகே கை வைக்கணும்.

2. 2என்3055 போன்ற டிரான்சிஸ்டரைக் கழற்றி, மீட்டரை டயோடு நிலையில் வையுங்க. சிவப்பு முனை பேஸில், கருப்பு முனை எமிட்டரில், பிறகு உடம்பில். இரண்டிலும் 0.5 முதல் 0.7 வரை காட்டணும். எமிட்டருக்கும் உடம்புக்கும் நடுவே எந்தப் பக்கமும் அளவு வரக்கூடாது. பீப் சத்தம் வந்தால் போச்சு.

3. ஜோடியாக இருந்தால் இரண்டையும் மாற்றுங்க. அதை இயக்கும் சின்ன டிரான்சிஸ்டரையும் சோதிங்க. பெரியதை மட்டும் மாற்றினால் புதுசும் உடனே போகலாம்.

4. மைக்கா தகடு, ஹீட் சிங்க் பேஸ்ட் வைத்துப் பொருத்துங்க. உடம்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே பீப் வரக்கூடாது.

5. முதல் தடவை 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு ஆன் பண்ணுங்க. பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. விடாமல் எரிந்தால் இன்னும் ஷார்ட் இருக்கு.

6. குமிழுக்கு வோல்ட் இறங்கி ஏறுதா பாருங்க. பிறகு டூவீலரின் 12 வோல்ட் பல்பை எரித்துப் பாருங்க. போன் கடைசியில்தான்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் போலி டிரான்சிஸ்டரும் கிடைக்கும். ரொம்ப மலிவாகக் கொடுத்தால் யோசிங்க. பில் கேட்டு வாங்குங்க.

எச்சரிக்கை: இந்தப் பாடம் கனமான டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டிக்கு மட்டும். எடை குறைந்த எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பயிற்சி இல்லாமல் திறக்காதீங்க.

குழுக் கூட்டத்தில் பேச:
• நம் கடைப் பெட்டியின் தூசியைக் கடைசியாக எப்போது துடைத்தோம்?
• போனை மாட்டும் முன் தினமும் வோல்ட் பார்க்கிறோமா?
• நல்ல மீட்டர் ஒன்றைக் குழுவுக்குப் பொதுவாக வாங்கலாமா?