காதுல ஙொய்ன்னு சத்தம் வருதா?

ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழா. ஸ்பீக்கர் பெட்டி முன்னால் ஆட்டம் போட்டுவிட்டு வந்த பையன், "அம்மா, காதுல ஙொய்ன்னு கேக்குது" என்கிறான். "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்கிறோம். பெரும்பாலும் மறுநாள் சரியாகியும் விடுகிறது. சிக்கலே அங்கேதான்.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. மாணவர்களைப் பள்ளி மைதானத்துக்கு அழைத்துப் போய்ப் புல்லை ஒருமுறை மிதிக்கச் சொல்லுங்கள். மடங்கும், கொஞ்ச நேரத்தில் நிமிரும். தினமும் மிதிபடும் இடத்தில்? ஒற்றையடிப் பாதைதான். காதுக்குள் நத்தை ஓடு போன்ற பகுதியில் சுமார் 15,000 முடி செல்கள் இப்படித்தான் இருக்கின்றன. புல்லாவது மழை பெய்தால் முளைக்கும். இவை செத்தால் திரும்ப முளைக்காது.

அடுத்து ஒரு கணக்கு. குழந்தைகளுக்கு 75 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 78-க்கு 20 மணி, 81-க்கு 10 மணி. 90-க்கு? பிள்ளைகளே போடட்டும்; வாரத்துக்கே ஒன்றேகால் மணிதான் வரும்.

பஸ் இரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்க இயர்போன் வால்யூமைக் கூட்டுவது வழக்கம். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் 'ஹெட்போன் சேஃப்டி' இருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் 'மீடியா வால்யூம் லிமிட்' கிடைக்கும். பிள்ளை கையில் போனைக் கொடுக்கும் முன் அதைப் போட்டு விடுங்கள். பட்டாசு, மேளம், ஸ்பீக்கர் என்றால் தள்ளிப் போகணும்; முடியாவிட்டால் உள்ளங்கையால் காதை அழுத்தி மூடணும். பஞ்சு பெரிதாகத் தடுக்காது.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, பள்ளியைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாகத் தடை உண்டு. மீறினால் 100-க்குப் போன் செய்யலாம்.

மறுநாளும் இரைச்சல் நிற்கவில்லையா? அரசு மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு உடனே கூட்டிப் போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-இல் கேளுங்கள். வகுப்பில் "என்ன டீச்சர்?" என்று அடிக்கடி கேட்கும் கடைசி பெஞ்ச் பிள்ளையை, கவனமில்லை என்று திட்டுவதற்கு முன்னால், முன் பெஞ்சுக்கு மாற்றிப் பெற்றோருக்குச் சொல்லி அனுப்புங்கள்.