மனைவி சம்பாதித்தால் கணவரின் கடமை தீர்ந்துவிடுமா?

கேள்வி: கணவர் வளைகுடாவில் இருக்கிறார். இரண்டரை ஆண்டுகளாக எனக்கும் மகளுக்கும் செலவுக்குப் பணம் அனுப்பவில்லை. கேட்டால், "நீதான் சம்பாதிக்கிறியே" என்று வாட்ஸ்அப்பில் பதில் வருகிறது. நான் தனியார் பள்ளி ஆசிரியை. பெண்கள் வேலைக்குப் போவதால்தான் குலா (மனைவி கோரிப் பெறும் மணவிலக்கு) பெருகிவிட்டது என்று ஊரில் பேசுகிறார்கள். ஜமாஅத் தரும் குலா சான்றிதழ் போதுமா? சம்பளம் வாங்குவதால் என் உரிமை குறையுமா?
– வாசகி, உத்தமபாளையம்

பதில்: மனைவியின் சம்பளம் மனைவிக்கே உரியது, குடும்பச் செலவு கணவரின் பொறுப்பு. ஷரீஅத்தின் நிலையும் இதுதான். கணவர் இரண்டு ஆண்டுகள் பராமரிக்கத் தவறினால் மனைவி நீதிமன்றத்தில் மணமுறிவு கேட்கலாம் என்கிறது 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். வருமானமுள்ள மனைவிக்கு இது பொருந்தாது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. யூசுப் ராவுத்தர் – சவுரம்மா வழக்கில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் இன்னும் ஒரு படி மேலே போனார்: பராமரிக்காததற்கு மனைவியின் நடத்தையே காரணம் என்று கணவர் சொன்னாலும், இரண்டு ஆண்டுகள் பராமரிக்கவில்லை என்பது மெய்யானால் மணமுறிவு உண்டு என்றார்.

ஊர்ப்பேச்சுக்கும் இந்தச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. நம் பக்கத்து ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்), கைவிடப்பட்ட பெண் மணவிலக்குப் பெற வழி மிகக் குறுகலானது. அதனால் மாலிகி மத்ஹபின் விதிகளை எடுத்தாளலாம் என்று உலமாக்களே ஒப்பினார்கள்; அதிலிருந்துதான் இச்சட்டம் பிறந்தது. அன்று பெண்கள் பெரும்பாலும் சம்பளத்துக்குப் போகவில்லை. ஆக, மணமுறிவுக்கான காரணங்கள் பழையவை. வருமானம் வந்ததால் கூடியது வழக்கு நடத்தும் தெம்பு மட்டுமே.

ஜமாஅத் சமரசம் பேசலாம், மஹரையும் (மணக்கொடை) நகையையும் திருப்பி வாங்கித் தரலாம். ஆனால் குலா கேட்கும் பெண் குடும்ப நல நீதிமன்றத்தையே நாட வேண்டும், ஷரீஅத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்புகளின் சான்றிதழ் செல்லாது என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'எல்லைக்கு அந்தப் பக்கம் நீதிமன்றத்துக்கு வெளியே பெறும் குலாவை ஏற்கிறார்களே' என்பார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2021-இல் அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் குமுளிக்கு இப்பால் நம்மைக் கட்டுப்படுத்துவது சென்னைத் தீர்ப்புதான். இன்னொன்று: குலாவில் பெரும்பாலும் மஹரை விட்டுக்கொடுக்க நேரும். 1939 சட்டப்படி முறிவு பெற்றால் மஹர் உரிமை அப்படியே நிற்கும் என்று அதன் 5-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் நிலையில் அந்த வழியே மேல்.

ஜீவனாம்சத்தில் மட்டும் உங்கள் சம்பளம் கணக்கில் வரும். பொதுச் சட்டப்படி ஜீவனாம்சம் கேட்கும் உரிமை விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கும் உண்டு என்று 2024 ஜூலை 10-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனால் மனைவியால் தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள முடிகிறதா என்று நீதிமன்றம் பார்க்கும். தொகை குறையலாம், மறுக்கவும் படலாம். மகளுக்கான செலவை அந்த வாதத்தால் தட்டிக்கழிக்க முடியாது.

நிக்காஹ் பதிவேட்டின் நகல், வங்கிக் கணக்கு விவரம், மகளின் பள்ளிக் கட்டண ரசீதுகளை எடுத்துவையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள். பணம் அனுப்பவில்லை என்பதற்கு உங்கள் கணவரே எழுதிக்கொடுத்த சாட்சியம் அது.