காதணியைக் கழற்றிய கை

ஜெஞ்சாரோம், பந்திங், கிள்ளான் வட்டாரங்களை ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்திருந்தன. அங்குப் பால்மரம் சீவியவர்களுள் மிகப் பலர் தமிழர்கள். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. வெள்ளைக்காரத் துரை எதிரே வரும்போது மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது மற்றொன்று. பணத்தைவிட இந்த இரண்டாவது கோரிக்கைதான் அவர்களின் மனக்காயத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. வேலைநிறுத்தம் துப்பாக்கியால் அடக்கப்பட்டது. அதே ஆண்டு இறுதியில் ஜப்பானியர் மலாயாவுக்குள் நுழைந்தனர்.

இந்தத் தோட்ட வாழ்க்கையை அறியாமல் கோலாலம்பூரில் வளர்ந்தவர் ஜானகி. 1925 பிப்ரவரி 25ஆம் நாள் வசதியான தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1943ஆம் ஆண்டு நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் கோலாலம்பூரில் உரையாற்றினார். இந்தியாவின் விடுதலைக்குப் பொருளும் உயிரும் தாருங்கள் என வேண்டினார். கூட்டத்தில் இருந்த ஜானகி, தம் விலையுயர்ந்த காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார். அதோடு நில்லாமல், பெண்களுக்கென அமைந்த ஜான்சிராணிப் படையில் சேரவும் துணிந்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. தந்தை கடுமையாக எதிர்த்தார். நெடுநேர வாதத்திற்குப் பிறகே இசைந்தார்.

1943 அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. செல்லமாக வளர்ந்த ஜானகிக்கு அந்த வாழ்க்கை எளிதாக இல்லை. ஆனால், முகாமில் இருந்தவர்களுள் பெரும்பாலோர் தோட்டத்துப் பெண்கள். இருள் பிரியுமுன் எழுவதும் வெயிலில் உழைப்பதும் அவர்களுக்குப் பழகிப்போனவை. துப்பாக்கிப் பயிற்சியில் நகரத்துப் பெண்ணும் தோட்டத்துப் பெண்ணும் ஒரே வரிசையில் நின்றனர். ஜானகி விரைவில் அதிகாரியாக உயர்ந்தார். பர்மாவுக்குச் சென்ற படையில், டாக்டர் லட்சுமிக்கு அடுத்த நிலையில் பொறுப்பேற்றார்.

இங்கே ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர்கள் யாருடைய துணையோடு போரிட்டார்களோ, அதே ஜப்பானியர்தாம் தோட்டத்துத் தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்கு அள்ளிச் சென்றனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் பல்லாயிரம் பேர் மடிந்தனர். ஒரே குடும்பத்தில் மகள் படை முகாமிலும் தந்தை ரயில் பாதையிலும் இருந்திருக்கக்கூடிய காலம் அது. பேராக், பாப்பானில் சிபில் கார்த்திகேசு ஜப்பானியரை எதிர்த்துக் கெரில்லாக்களுக்கு மருத்துவம் பார்த்துச் சித்திரவதைக்கு ஆளானதும் இதே போரில்தான்.

1945 ஏப்ரலில் ரங்கூன் வீழும் நிலை வந்தது. லட்சுமி பர்மாவிலேயே இருந்தார். ஜானகியின் தலைமையில் பெண்கள் பாங்காக்கை நோக்கிப் பின்வாங்கினர். விமானத் தாக்குதலுக்கு அஞ்சி இரவில் நடந்தனர், ஆறுகளைக் கடந்தனர். தமக்கு வழங்க முன்வந்த வாகனத்தை மறுத்து நேதாஜியும் அவர்களோடு நடந்தார். காலணியைக் கழற்றியபோது அவர் பாதமெங்கும் கொப்புளங்கள்.

தோற்ற படையின் அதிகாரியாக ஊர் திரும்பிய ஜானகி முடங்கிவிடவில்லை. போரால் நலிந்த மக்களுக்கு உதவ, இந்தியக் காங்கிரஸ் அனுப்பிய மருத்துவக் குழுவில் இணைந்தார். 1946 ஆகஸ்டில் ஜான் திவி தலைமையில் ம.இ.கா. தோன்றியபோது அதன் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவரானார். பத்திரிகையாளராக இருந்து பின்னாளில் அமைச்சரான ஆதி நாகப்பனை மணந்தார். பிறகு நாடாளுமன்ற மேலவையிலும் இடம்பெற்றார். 2000ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2014 மே 9ஆம் நாள் புவான் ஸ்ரீ ஜானகி ஆதி நாகப்பன் காலமானார்.

அவரோடு முகாமில் நின்ற தோட்டத்துப் பெண்களுள் பலர், படை கலைந்ததும் மீண்டும் பால்வாளியைத் தூக்கினர். அவர்களுள் மிகச் சிலரின் பெயர்களே நூல்களில் ஏறியுள்ளன.