பெயர் அறியா நோயும் அநேகாந்த நோக்கும்

இல்லறத்தார்க்குரிய ஒழுக்கத்தை இரத்தினகரண்டக சிராவகாசாரத்திலும், அநேகாந்தத்தின் நுட்பத்தை ஆப்த மீமாம்சையிலும் அருளியவர் ஆசாரிய சமந்தபத்திரர். காஞ்சி மாநகரோடு தொடர்புடைய அப்பெருமகனாரைத் துறவு பூண்டிருந்த காலத்தில் பஸ்மகம் என்னும் அடங்காப் பசிநோய் பற்றியது என்று மரபு வரலாறு கூறுகிறது. நோய் தணியும் வழி காணாத அவர் சல்லேகனை மேற்கொள்ளத் தம் குருவிடம் அனுமதி வேண்டினார். குரு இசையவில்லை. முதலில் நோயைப் போக்கிக்கொண்டு, பின்னர் மீண்டும் துறவேற்குமாறு பணித்தார். அவரும் அவ்வாறே நலம் பெற்று மீண்டும் தீட்சை ஏற்றார்.

சல்லேகனைக்கு அவர் தம் நூலில் இலக்கணம் கூறுமிடத்து, பரிகாரம் இல்லாத நோய் என்றே வரையறுக்கிறார். நோயின் பெயர் இன்னும் கண்டறியப்படாமை வேறு. நோய்க்குப் பரிகாரமே இல்லாமை வேறு. இவ்வேறுபாடே இன்றைய பாடத்தின் அடிப்படை.

தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ வாழும் ஒரு சிராவகியை எண்ணிக்கொள்வோம். ஈராண்டுகளாக அவருக்குப் பாதங்களில் எரிச்சல். காலையில் எழும்போதே களைப்பு. இரவில் உறக்கம் இல்லை. எலும்பு மருத்துவர், நரம்பு மருத்துவர், வயிற்று மருத்துவர் என்று மின்தொடர் வண்டியில் நகரெங்கும் அலைகிறார். இரத்தச் சோதனைத் தாள்களால் பை நிறைகிறது. ஒவ்வொருவரும், "எங்கள் சோதனையில் ஒன்றும் இல்லை" என்கின்றனர். வீட்டிலோ அச்சொல் திரிந்து, "உனக்கு ஒன்றும் இல்லை" என்றாகிவிடுகிறது. நோயினும் இச்சொல்லே அவரை மிகுதியாக வாட்டுகிறது.

சியாத்வாதம் கற்ற நாம் இவ்விடத்தில் தடுமாறலாகாது. மருத்துவர் கூறும் "இல்லை" என்பது "சியாத் நாஸ்தி". அதாவது, ஒருவகையால் இல்லை. இன்ன நாளில், இன்ன கருவியால், இன்ன உறுப்பில் தேடியபோது காணப்படவில்லை என்பதே அதன் பொருள். அதனை எவ்வகையாலும் இல்லை என்று கொள்வது ஏகாந்தம். வேதனையோ அவர்தம் அனுபவத்தில் உள்ளது. அவ்வகையால் அது "சியாத் அஸ்தி". இரண்டும் ஒருங்கே உண்மையாதல் கூடும்.

தனித்துறை மருத்துவர் ஒவ்வொருவரும் ஒரு நயத்தால் காண்கின்றனர். நயம் பொய்யன்று, ஆயினும் அது ஒரு கூறு மட்டுமே. ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். சர்க்கரை நோய்க்கு மெட்பார்மின் மாத்திரையை ஒரு மருத்துவர் தருகிறார். நெஞ்செரிச்சலுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரையை இன்னொருவர் தருகிறார். இவ்விரண்டையும் நெடுநாள் உண்போர்க்கு வைட்டமின் பி12 உடலில் சேர்வது குறையலாம். நம் உணவிலோ பாலும் தயிருமே இச்சத்துக்குரிய இயல்பான வாயில்கள். காய்கனிகளிலும் பருப்பிலும் அது இல்லை. இது குறைந்தால் களைப்பும், கால்களில் எரிச்சலும் மரப்பும், மறதியும் தோன்றலாம். மூன்று செய்திகளும் மூன்று இடங்களில் தனித்தனியே கிடந்தால் எவர் கண்ணுக்கும் முழுமை புலப்படாது. எல்லா எரிச்சலுக்கும் இதுவே காரணம் என்று கொள்ளற்க. நயங்களை ஒருங்கிணைக்கும் தேவையைக் காட்டவே இதனைக் கூறினோம்.

ஆகவே செய்யத்தக்கவை சில. அருகில் உள்ள பொது மருத்துவர் ஒருவரைத் தேர்ந்து, எல்லாத் துறையினரின் குறிப்புகளையும் அவரிடம் சேர்க்க வேண்டும். ஒரு குறிப்பேட்டில் நாள், வேளை, வேதனை, உணவு, உறக்கம், மருந்து ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதிவரல் வேண்டும். உண்ணும் மருந்துகள் அனைத்தையும் ஒவ்வொரு மருத்துவரிடமும் காட்ட வேண்டும். ஒரே வலிநீக்கி இரு பெயர்களில் இரு சீட்டுகளில் வந்துவிடுதல் உண்டு. தாம்பரம் சானடோரியத்தில் 2005 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தை நாடுவோரும், அங்குப் பெறும் மருந்தை மற்ற மருத்துவரிடம் மறைத்தலாகாது. காரணமின்றி எடை குறைதல், விடாத காய்ச்சல், குருதிப் போக்கு, திடீரெனக் கைகால் தளர்தல் ஆகியவை தோன்றினால் குறிப்பேட்டோடு காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்க.

நம்மவர்க்கே உரிய செய்தி ஒன்றுண்டு. இரவு உண்ணா விரதம் காப்போர், உணவுக்குப் பின் இரவில் உண்ண வேண்டிய மாத்திரையைச் சொல்லாமலே விட்டுவிடுகின்றனர். மருந்து பயன்படவில்லை என்று எண்ணும் மருத்துவர் வேறு மருந்துக்கு மாறுகிறார். விரதத்தையும் உபவாச நாட்களையும் முன்னரே கூறினால், வேளையை மாற்ற இயலுமா என்று அவர் ஆராய்வார். விலங்குப் பொருளால் ஆன கூட்டு மருந்துறைக்கு மாற்று உண்டா என்றும் தயங்காமல் கேட்கலாம். விரதத்தின் எல்லை பற்றிய ஐயத்தை அறிந்த பெரியோரிடம் தெளிந்துகொள்க. வாய்மை மருத்துவரிடத்தும் காக்கத்தக்க விரதமே.

இனி, வினை பற்றிய ஐயம். துன்ப அனுபவத்திற்கு அசாதா வேதனீயத்தின் உதயம் காரணம் என்று அறிகிறோம். ஆயின் இதனைக் கூறி நோயாளியைப் பழித்தல் அறமாகாது. தன்னிடத்தும் பிறரிடத்தும் துன்பமும் துயரும் அழுகையும் விளைவித்தல் அசாதா வேதனீயத்தைக் கட்டுவிக்கும் என்று தத்துவார்த்த சூத்திரத்தின் 6 ஆம் அத்தியாயம் கூறுகிறது. "முன்வினை, அனுபவி" என்று குத்திக்காட்டுவோர் புதுவினையைத் தாமே ஈட்டிக்கொள்கின்றனர்.

அந்நூலின் 9 ஆம் அத்தியாயம், வேதனை எப்போது நீங்கும் என்று இடையறாது உழலுவதை ஆர்த்தத் தியானத்தின் ஒரு வகையாகக் காட்டுகிறது. சிகிச்சை தேடுதல் குற்றமன்று. நள்ளிரவில் சோதனைத் தாளை மீண்டும் மீண்டும் புரட்டுதலும், கேட்டவர் கூறிய நோயெல்லாம் தமக்கே என அஞ்சுதலும் அத்தியானத்தை வளர்ப்பன. நோயைப் பற்றி எண்ணுதற்கும் எழுதுதற்கும் பகலில் ஒரு வேளையை ஒதுக்குக. மாலையில் சாமாயிகத்தில் அமர்க. அமர இயலாதவர் படுத்தபடியே பஞ்ச நமஸ்காரத்தை நினைக்கலாம்.

22 பரீஷகங்களுள் 15 ஆவது அலாபம், 16 ஆவது ரோகம், 21 ஆவது அஞ்ஞானம். வேண்டியது கிட்டாமை, நோய், அறிய இயலாமை ஆகிய இம்மூன்றும் பெயர் அறியா நோயாளியை ஒருசேர வந்தடைகின்றன. இவை துறவியர்க்குச் சொல்லப்பட்டவை எனினும், இல்லறத்தார் தத்தம் ஆற்றலுக்கேற்பப் பொறுமை பயிலலாம். அத்தளர்ச்சியில் தாயத்தையும் மந்திரித்த கயிற்றையும் நாடி மூடத்தில் வீழாமல் காப்பது நற்காட்சியின் அங்கமாகிய அமூடதிருஷ்டி.

உடனிருப்போர் கடமை யாது? சமந்தபத்திரர் வையாவிருத்தியத்தைச் சிட்சா விரதம் நான்கனுள் ஒன்றாக வைத்தார். திருக்குறளின் 95 ஆம் அதிகாரமும் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பேணுவோரையும் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக எண்ணுகிறது. நம் தாம்பரமே இதற்குச் சான்று. மருத்துவர் சௌரிமுத்து 1928 ஆம் ஆண்டு இங்குக் காசநோயாளர்க்கென ஆரோக்கிய நிலையத்தை நிறுவினார். இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அதன் வளர்ச்சியே. காசக் கிருமியை ராபர்ட் காக் 1882 இலேயே கண்டறிந்திருந்தார். அதனை அழிக்கும் ஸ்டிரெப்டோமைசின் 1943 இல்தான் கிட்டியது. இடைப்பட்ட ஆண்டுகளில் தூய காற்றும், ஓய்வும், நல்லுணவும், பணிவிடையும் வழங்கப்பட்டன. மருந்து இல்லை என்பதற்காகப் பேணுதலை எவரும் நிறுத்தவில்லை.

அதுபோல், பெயர் தெரியும்வரை நோயாளியை நம்பாமல் காத்திருத்தல் வேண்டா. அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது உடன்செல்லுங்கள், குறிப்பேட்டை நீங்கள் ஏந்துங்கள், "வலிக்கிறது" என்றால், "எங்கே?" என்று கேளுங்கள். விடை நாளை கிட்டலாம். நெடுநாள் கிட்டாமலும் போகலாம். எவ்வகையாயினும் அவர் தனித்திருக்கலாகாது.

சிந்தனைக்கு:

1. "சோதனையில் இல்லை" என்பதற்கும் "நோய் இல்லை" என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சியாத்வாதத்தால் விளக்குக.

2. சிகிச்சை தேடுதலும் ஆர்த்தத் தியானமும் எங்ஙனம் வேறுபடுகின்றன?

3. நம் சுற்றத்தில் இத்தகையோர் எவர்? இத்திங்களில் அவர்க்கு நாம் ஆற்றக்கூடிய வையாவிருத்தியம் யாது?

அறம் வளர்க! அருகன் நெறி ஓங்குக!