இளைப்பாறுதலும் உறக்கமும்

ஆண்டுப் பிறப்பன்று கணக்கேடு தொடங்குவோர் வணிகர் மட்டும் அல்லர். சமயப் பற்றுள்ள மாணாக்கர் சிலரும் தொடங்குவதுண்டு. யாமும் ஒன்று தொடங்கினோம். ஜெபித்த நேரம், வாசித்த அதிகாரம், சினந்த தடவை, சொன்ன பொய் ஆகிய இவற்றுக்குத் தனித்தனிப் பத்தி கீறி, இரவில் உறங்குமுன் வரவும் செலவும் எழுதிவந்தோம். ஜனவரி ஒருவாறு கழிந்தது. பிப்ரவரியில் செலவு மிகுந்தது. மார்ச்சில் ஏட்டைத் திறக்கவே அஞ்சினோம். அதனினும் தீயது ஒன்று பின்னர் நிகழ்ந்தது. எம் ஊர்ச் சபையில் திருவிருந்து நடைபெற்ற ஞாயிறுகளில், கணக்கு நேரான பின் பங்குபெறலாம் என்று எண்ணி, பின்வரிசையிலிருந்து எழுந்து மெல்ல வெளியேறலானோம். பக்தியை வளர்க்க எழுதிய ஏடு எம்மைப் பந்தியினின்றும் எழுப்பிவிட்டது!

எம் செய்கைக்கு வேதத்திலேயே ஆதாரம் உண்டென்று யாம் கருதினோம். பரம பிதா பூரணராயிருப்பது போல நீங்களும் பூரணராயிருங்கள் என்னும் கருத்துப்பட ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் கட்டளையிடவில்லையா? இட்டார், ஐயமில்லை. ஆயின் அவ்வாக்கியம் எவ்விடத்து நிற்கின்றது என்பதை நோக்குதல் வேண்டும். பகைவரை நேசியுங்கள் என்னும் போதனையின் முடிவில் அது நிற்கின்றது. அதற்குச் சற்று முன்னரே, தீயோர் மீதும் நல்லோர் மீதும் பிதா தம் சூரியனை உதிக்கச் செய்வதும், இருவகையார் மீதும் மழை பெய்விப்பதும் பேசப்படுகின்றன. அங்குள்ள 'தெலெயொஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு முற்றியது, முடிவை எய்தியது என்பன பொருளாம். ஆகவே ஆண்டு கேட்கப்படுவது பிழையற்ற கணக்கு அன்று. ஆள் பார்த்து அளக்காத அன்பு. எம் ஏட்டில் பகைவனுக்கு ஒரு பத்தியும் இருந்ததில்லை என்பதை யாம் ஈண்டு ஒப்புக்கொள்ள வேண்டும்.

நிற்க. தமிழ் பயில்வார்க்கு இப்பொருளில் தக்க துணை எச். ஏ. கிருஷ்ண பிள்ளை ஆவார். 1827இல் திருநெல்வேலிச் சீமையிலுள்ள கரையிருப்பில் வைணவக் குடும்பத்திற் பிறந்து, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். ஆங்கிலத்தில் ஜான் பனியன் எழுதி 1678இல் வெளிவந்த யாத்திரிகன் கதையைத் தழுவி அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் அச்சேறியது. பனியனோ எம்மினும் பெரிய கணக்கர். தம் ஆன்மா தப்புமோ தப்பாதோ என்று ஆண்டுக்கணக்காய் அவர் துடித்த துடிப்பை, பெட்போர்டுச் சிறையிலிருந்தபோது தாமே எழுதி 1666இல் வெளியிட்டார். அத்தகையவர் கதை அமைத்த முறையே நாம் கவனிக்கத்தக்கது. யாத்திரிகனின் முதுகிலிருந்த பாவச்சுமை எங்கே விழுகின்றது? வானகரத்தின் வாயிலிலன்று, பயணத்தின் தொடக்கப் பகுதியிலேயே, சிலுவையடியில் விழுகின்றது. அவன் அதனை அவிழ்க்கவுமில்லை. தானே நழுவிக் கல்லறைக்குள் மறைகின்றது. மலையேற்றமும் போரும் சிறையும் அதன் பின்னரே வருகின்றன. சுமை இறங்க வேண்டும் என்பதற்காக அவன் நடக்கவில்லை, இறங்கியதனால் நடக்கின்றான். நியாயப்பிரமாணத்தால் சுமையிறக்கலாம் என்று ஒருவன் சொற்கேட்டு வழிவிலகிச் சென்றபோதோ, மலை தன்மேல் விழுமோ என நடுங்கி நின்றான்.

'அப்படியாயின் கிருபை என்பது சோம்பலுக்கு மறுபெயரோ?' என வினவுவார்க்கும் அக்கதையிலேயே விடையுண்டு. சிலுவையைக் கடந்து சிறிது தூரத்தில் மூவர் காலில் விலங்குடன் உறங்கிக் கிடக்கின்றனர். அவருள் ஒருவன் பெயர் வீண்துணிவு என்னும் பொருளது. இன்னும் நுட்பமான இடம் ஒன்று. கடினமலையின் நடுவே, களைத்தவர் இளைப்பாறுமாறு மலைக்குடையவரே ஒரு கொடிப்பந்தர் அமைத்திருக்கின்றார். யாத்திரிகன் அங்கு அமர்ந்ததிற் பிழையில்லை. அமர்ந்தவன் உறங்கினான், உறங்கியவன் கைச்சுருளை நழுவவிட்டான், உச்சிவரை ஏறிய பின்னரே அதனை உணர்ந்து, அழுதுகொண்டு திரும்பி வந்து தேடினான். இளைப்பாறுகிறவன் தனக்கு இடங்கொடுத்தவரை நினைத்திருக்கின்றான். உறங்குகிறவன் அவரையும் மறந்து தன் கையிலிருப்பதையும் மறக்கின்றான்.

இவ்வாராய்ச்சி தமிழ்நாட்டிற்குப் புதியதும் அன்று. நம்மாழ்வாரின் அன்னையார் பிறந்த ஊரென்று வைணவர் போற்றும் திருப்பதிசாரம் நாகர்கோவிலுக்கு அணித்தே உள்ளது. அவ்வைணவத்துள், தாயை இறுகப் பற்றும் குரங்குக்குட்டியை வடகலையாரும், தாயே கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைத் தென்கலையாரும் உவமை காட்டினர். இரு சமயங்களும் ஒன்றே என்பது எம் கருத்தன்று. ஆயினும் கிருஷ்ண பிள்ளை பிறந்த சமயத்தில் இவ்வினா நெடுங்காலம் உசாவப்பட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. (பூனைக்குட்டியும் என்றும் குட்டியாகவே இருப்பதில்லை என்று எம் வகுப்புத் தோழர் ஒருவர் கூறினார். அது வேறு விவாதம்.)

இனி நம் நாஞ்சில் நாட்டுக்கே வருவோம். மயிலாடி மகாராசன் சிதம்பரத்திற்கு யாத்திரை சென்றவர். ஆண்டு நெஞ்சம் அமைதியுறாது தஞ்சைக்குப் போந்து, அங்கே சுவிசேஷத்தைக் கேட்டு, வேதமாணிக்கம் என்னும் பெயரோடு ஊர் திரும்பினார். தேடிப்போன அமைதி கிட்டிற்று. அவர் திண்ணையிற் சாய்ந்துவிட்டாரா? இல்லை. தம்மவர்க்கும் அது கிட்ட வேண்டுமென்று ஒரு குருவை அழைக்க முயன்றார். 1806இல் ரிங்கல்தௌபே ஐயர் திருவிதாங்கூரினுட் புகுந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. 1816இல் ஐயர் நாட்டைவிட்டுச் சென்றபோது சபைகளின் பொறுப்பு வேதமாணிக்கத்தின் தோளில் ஏறியது. சிதம்பரத்திற்கு நடந்த காலும் இச்சபைகளுக்காக நடந்த காலும் ஒன்றே. முன்னது பெறுவதற்காக நடந்தது. பின்னது பெற்றதனால் நடந்தது.

இவற்றையெல்லாம் யாம் படித்தறிந்தது பின்னரே. பந்தியினின்றும் எழுந்துபோன ஒரு ஞாயிறன்று, வாசற்படியில் எம் பாட்டனார் எம்மை மறித்துக் காரணம் கேட்டார். ஏட்டின் செய்தியைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "மக்ளே, விருந்துக்குக் கூப்பிட்டவரு உன் கணக்கு தெரியாமலா கூப்பிட்டாரு?" என்று மட்டும் கேட்டு, எம் கையைப் பற்றி உள்ளே நடந்தார். அவர் பிடி சற்று வலிக்கவே செய்தது. குரங்குக்குட்டியாய் நின்றோமோ, பூனைக்குட்டியாய்ச் சென்றோமோ, அறியோம். அன்று பங்குபெற்றோம்.

அன்றிரவும் ஒருவரோடு சினந்தோம். மறுநாட் காலையில் அவர் வீட்டுக்குச் சென்று பேசிவந்தோம். ஏட்டில் அதனை எழுதவில்லை. அதன் எஞ்சிய பக்கங்களில் இப்போது சொல்லதிகாரக் குறிப்புகள் இருக்கின்றன.