பிஸ்கட் சொன்ன எண் பலித்தது எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் உள்ள சீன உணவகங்களில் சாப்பிட்டு முடித்ததும் பலன் எழுதிய சீட்டை உள்ளே வைத்து ஒரு பிஸ்கட் தருவார்களாம். அந்தச் சீட்டில் இருந்த எண்களைக் கட்டி 110 பேர் ஒரே நாளில் லாட்டரியில் வென்றதாகப் படித்தேன். ஒருவர் என்றால் தற்செயல் எனலாம். 110 பேருக்குப் பலித்ததைத் தற்செயல் என்று எப்படித் தள்ளுவது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: செய்தி உண்மைதான். பவர்பால் என்ற அமெரிக்க லாட்டரியின் குலுக்கலில் இரண்டாம் பரிசுக்கு அப்போதெல்லாம் வழக்கமாக நாலைந்து பேர்தான் வருவார்கள். 2005 மார்ச் 30 அன்று 110 பேர் வந்தார்கள். ஆளுக்கு 1 லட்சம் டாலர். கூடுதல் பணம் கட்டியிருந்தவர்களுக்கு 5 லட்சம்.

மோசடியோ என்றுதான் அதிகாரிகள் முதலில் சந்தேகப்பட்டார்கள். துப்புக் கொடுத்தது தவறிப்போன எண். 22, 28, 32, 33, 39 ஆகிய ஐந்தும் பொருந்தின. ஆறாவதாக விழுந்தது 42. ஆனால் வென்றவர்களில் பெரும்பாலோர் கட்டியிருந்தது 40. தேர்வில் இத்தனை பேர் ஒரே தவறான விடையை எழுதினால் ஆசிரியர் என்ன நினைப்பார்? எல்லோரும் எதையோ பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்றுதானே! விசாரித்தபோது பிஸ்கட் என்றார்கள். நியூயார்க்கில் உள்ள வான்டன் ஃபுட் என்ற நிறுவனம், கிண்ணத்தில் எண்களைப் போட்டுக் கையால் எடுத்து, ஒருமுறை எடுத்ததையே ஏராளமான சீட்டுகளில் அச்சிட்டிருந்தது.

110 தற்செயல்கள் சேர்ந்து நடந்ததாக எண்ணுவதால்தான் நாம் மலைத்துப்போகிறோம். அப்படி எண்ண வேண்டுமானால் அவை சார்பற்ற நிகழ்வுகளாக இருக்க வேண்டும். அதாவது ஒருவர் வெல்வதற்கும் மற்றவர் வெல்வதற்கும் தொடர்பே இருக்கக் கூடாது. இங்கே ஒருவர் வென்றால் அதே சீட்டைக் கட்டிய அத்தனை பேரும் வென்றாக வேண்டும். ஆகவே நடந்த தற்செயல் ஒன்றே ஒன்று. அன்றைய விதிப்படி அதன் வாய்ப்பு சுமார் 29 லட்சத்தில் 1. அபூர்வம்தான், மறுக்கவில்லை. ஆனால் அப்போது வாரத்துக்கு இரண்டு குலுக்கல் நடந்தது. பிஸ்கட் எண்ணைக் கட்டித் தோற்றவர்களைத் தேடிப்போய் யாரும் செய்தி எழுதுவதில்லை.

எண்ணாவது பலித்ததா இல்லையா என்று சரிபார்த்துவிடலாம். அதே சீட்டில் இருந்த வாசகத்தை என்ன செய்வது? செய்த ஆயத்தமெல்லாம் இனிப் பலன் தரும் என்பது அதன் பொருள். எந்த வீட்டில் யாரிடம் சொன்னாலும் அவரவருக்கு ஒன்று நினைவுக்கு வரும். பொதுவாகச் சொன்னதைத் தனக்கென்றே சொன்னதாக எடுத்துக்கொள்ளும் இந்த இயல்பை உளவியலில் ஃபோரர் விளைவு என்பார்கள். 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு, அவரவர் குணத்தை ஆராய்ந்து எழுதியது என்று சொல்லி ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அத்தனை தாள்களிலும் இருந்தது ஒரே வாசகம். பெரும்பகுதி, கடையில் விற்ற ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது.